அண்ணனுக்குக் கொண்டுபோன கம்புச் சீர்

எங்கள் பிறந்த வீட்டு ஆம்பிளைகள் காலில் தொடங்கிச் சாவார்கள் என்று அரியலூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சித்தப்பாவுக்குக் குதிகாலில் ஒரு வெடிப்பு, அதிலேயே போனார். அப்பாவுக்குக் கருவேல முள். முள்ளைப் பிடுங்கி எறிந்தாயிற்று, முள் இருந்த குழி மட்டும் மூடவே இல்லை. இரண்டு பேரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. "அது அவங்க குலத்து எழுத்து" என்று சொல்லிவிட்டு ஊர் வெற்றிலை போட்டுக்கொள்ளும். எழுத்து என்றால் அழிக்கக் கூடாதா? பலகையில் எழுதியதை எச்சில் தொட்டு அழிக்கிறோமே! நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். மிச்சப் படிப்பெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில்தான். ஆனாலும் அழிக்கத் தெரியும்.

எங்கள் ஊருக்கு ஏரி உண்டு. ஏரிக்குக் கீழே எங்களுக்கு நஞ்சை உண்டு. சுற்றிலும் இருந்ததெல்லாம் வரகும் சோளமும் கம்பும் விளைகிற மேட்டுக்காட்டு ஊர்கள். அவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்ணில் பார்க்கிற நெல்லுச்சோறு எங்கள் வீட்டில் மூன்று வேளையும் வேகும். அரியலூரில் ரைஸ் மில் வந்த பிறகு உரலில் குத்திய அரிசி அண்ணிக்கு ஆகாமல் போய்விட்டது, பழுப்பாக இருக்கிறதாம். மில்லில் தீட்டி வந்த அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதிக் காட்டுவார், மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். யுத்த காலத்தில் சர்க்கார் ஆட்கள் நெல்லை அளந்துகொண்டு போனபோதுகூட அண்ணன் எங்கள் அடுப்பில் கம்பை ஏற்ற விடவில்லை. "வெளிய நிமிந்து நடக்கறோம்னா உள்ள வெந்த சோறுதான் காரணம்" என்பார்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என்னைப் பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டுக்காட்டு ஊரில் கொடுத்தார்கள். உறவு பார்த்தார்கள், ஜாதகம் பார்த்தார்கள், சோற்றுப் பொருத்தம் மட்டும் பார்க்கவில்லை. முதல் நாள் கம்பங்கூழை வாயில் வைத்தபோது தொண்டையில் மணல் இறங்கியது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"அழுவுறியா, முழுங்குறியா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா பொறையேறும் புள்ள. மொதல்ல முழுங்கு."

முழுங்கினேன். பழகியும் போனேன். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் கூழ் எதையும் கேட்காது. ஆனால் பிறந்த ஊரில் நான் 'கூழு குடிக்கிற வூட்டுக்குப் போன பொண்ணு'. அண்ணன் வருஷா வருஷம் பொங்கல் சீரோடு ஒரு மூட்டை மில் அரிசியும் கொண்டு வருவார். தங்கச்சி பொங்கலுக்காவது சோறு தின்னட்டும் என்று.

கல்யாணமாகி நாலாம் வருஷம் அப்பா படுத்துவிட்டார். அம்மா முன்பே போய்விட்டாள். அண்ணிக்குக் கைக்குழந்தை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் போய் நாலு மாதம் இருந்தேன். கொல்லையில் அப்பா ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கும். அதற்கு அண்ணி ஒரு நியாயம் சொன்னார்.

"ஒடம்புல உள்ள இனிப்பெல்லாம் வெளிய ஓடுது பாருங்க. அதான் மாமா இப்படி எளைச்சுப் போறாரு. ஓடுனதைத் திருப்பி ஊட்டணும்."

அந்த ஊரில் அது ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. ஏரியில் தண்ணீர் குறைந்தால் நிரப்புகிற ஊர் அல்லவா? உடம்பையும் ஏரி என்று நினைத்துவிட்டோம். பாலில் வெல்லம், நெய் மிதக்கச் சர்க்கரைப் பொங்கல், அதிரசம். அப்பா இளைக்க இளைக்க இனிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. நானும் ஊட்டினேன். அதை மறைக்க மாட்டேன். வாயைத் துடைத்துவிட்டு, "இன்னும் ஒரு வாய்ப்பா" என்று உருட்டிக் கொடுத்த கை இதே கைதான்.

அவருக்கு ஊட்டிய மிச்சத்தையெல்லாம் நானும் தின்றேன். மூன்றாம் மாதம் எனக்கு நாக்கு வறண்டது. செம்பு செம்பாய்க் குடித்தேன். ஒரு மத்தியானம், காலையில் நான் ஒதுங்கிய வேலியோரம் கண்ணில் பட்டது. எறும்பு. எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்கு விசிறினேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வியாதியோடு பிறந்த வீட்டிலிருந்து திரும்பிய பெண்ணைப் புகுந்த வீடு என்ன செய்யும் என்று எனக்குப் பயம்.

அப்பா போனார். நான் பெரம்பலூர்ப் பக்கம் திரும்பிக் கூழைக் குடித்துக்கொண்டு களை எடுத்தேன். இரண்டு மாதத்தில் தாகம் நின்றது. வேலியோரம் போய்ப் பார்த்தேன், ஒரு எறும்பும் இல்லை. அந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் அரிசிச் சோறும் அதிரசமுமாகக் கழிந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன். வந்துவிட்டன. கம்புக்குத் திரும்பினேன், போய்விட்டன. சோதிடக்காரன் கூட இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் அண்ணி ஒதுங்குகிற இடத்தையும் பார்த்தேன். வெட்கப்பட்டு என்ன கண்டோம்? எங்களோடு ஒரே பானைச் சோற்றை எங்களைவிட இரண்டு பிடி கூடவே தின்கிறவர் அவர். அங்கே எறும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நாலு வருஷம். யுத்தம் முடிந்த அடுத்த தை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் சீர் வண்டியோடு வந்தார். அரிசி மூட்டை, மண்டை வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, எனக்கொரு சேலை. எப்போதும் வண்டி நிற்பதற்குள் குதிக்கிறவர், அன்றைக்கு வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலாய் இறங்கினார். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மீசை மட்டும் எப்போதும் போல முறுக்கி நின்றது. முகம் அதற்குப் பின்னால் ஒடுங்கிப்போயிருந்தது. உட்கார்ந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"கால்ல என்னண்ணே?"

"செருப்புக் கடி."

"எப்பக் கடிச்சுது?"

"ஐப்பசில."

"ஐப்பசில கடிச்ச செருப்பு தை வரைக்கும் வுடாமக் கடிக்குதா?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க அண்ணி நல்லாத்தான் பாத்துக்கறா பாப்பா. தெனம் பால்ல வெல்லம் கரைச்சுக் குடுக்கறா. எளைச்சுட்டேன்னு மத்தியானமும் பொங்கல் வெக்கிறா." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "நூலைப் போல சேலை. அப்பாவுக்கு வந்துச்சு, சித்தப்பாவுக்கு வந்துச்சு, எனக்கு மட்டும் வராமப் போவுமா? ரத்தத்துல உள்ளதை யாரு மாத்த முடியும்? புள்ளைங்களுக்கு நெலத்தைப் பிரிச்சு எழுதிடலாம்னு இருக்கேன்."

முப்பத்தெட்டு வயசு மனிதர், நிலத்தைப் பிரித்து எழுதப் போகிறாராம். நான் அவருக்கென்று வடித்த அரிசிச் சோற்றை இலையில் வைத்தேன். தங்கச்சி வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எங்கள் பக்கத்தில் கிடையாது. அண்ணன் கொடுக்கிறவன், தங்கச்சி வாங்குகிறவள். "இங்கேயே இரு, கூழ் காய்ச்சித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போயிருப்பார். வண்டி திரும்பியது. அவர் ஒதுங்கிய இடத்தை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

மாட்டுப் பொங்கலன்று என் வீட்டுக்காரர் காளைகளுக்குக் கொம்பு தீட்டிக்கொண்டிருந்தார். நான் வர்ணக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, கம்புல நாலு நாள் தண்ணி நின்னா என்ன ஆவும்?"

"வேரு அழுவிடும். இதென்ன கேள்வி?"

"நெல்லு?"

"நெல்லு முழங்காத் தண்ணில நின்னு சிரிக்கும்."

"அப்பக் குத்தம் தண்ணி மேலயா, கம்பு மேலயா?"

அவர் கொம்பு நுனியைத் தீட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தண்ணி நல்ல தண்ணி. கம்பு நல்ல கம்பு. குத்தம் மடையைத் தொறந்துவுட்டுட்டு வரப்புல குந்தியிருக்கறவன் மேல."

"அப்ப நாளைக்கு வண்டியைப் பூட்டுங்க."

"எங்க?"

"மடையை அடைக்க."

மாட்டுப் பொங்கலன்று காளையைப் பூட்டக் கூடாது; அதனால் மறுநாள் விடிகிற நேரத்தில் கிளம்பினோம். வண்டியில் இரண்டு மூட்டைக் கம்பு, ஒரு மூட்டை அந்த மார்கழியில் அடித்த புது வரகு, ஒரு மூட்டைச் சோளம். ஒரு பெரிய தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள் கொத்து. சீர் என்றால் சீர் மாதிரி போக வேண்டாமா? அண்ணன் கொண்டுவந்த அரிசியும் வெல்லமும் திருப்பிக் கொடுக்க, பிரிக்காத மூட்டையாகவே அடியில் கிடந்தன.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர்த் தெருவுக்கு வந்துவிட்டோம். காணும் பொங்கல், தெரு நிறைய ஜனம். நான் வண்டியிலிருந்து இறங்கித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பொதுக்கிணற்றடியில் ஒரு பெரியம்மா குரல் கொடுத்தார். "என்ன தாயி, அண்ணன் வூட்டு மாட்டுக்குத் தீவனமா?"

"இல்லைங்க பெரியம்மா. அண்ணனுக்கு."

கிணற்றடி முழுக்கச் சிரித்தது. யாரோ ஒரு ஆள் பின்னாலிருந்து, "அட, தங்கச்சி சீர் கொண்டாறா! இனிமே அண்ணன்காரன் சேலை கட்டிக்க வேண்டியதுதான்" என்றான். நான் நடையைக் குறைக்கவில்லை. சிரிக்கிற வாய் சிரித்துக்கொண்டே இருக்கும். புண் வந்த காலுக்கு அது மருந்து போடாது.

வாசலில் அண்ணன் வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூட்டைகளைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "ஊர் கூடியிருக்கற நாளாப் பாத்து என்னை அசிங்கப்படுத்த வந்தியா பாப்பா?"

"ஆமாண்ணே. அசிங்கம் ஒரு நாளுக்கு. காலு ஆயுசுக்கு."

அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்தார். அவருக்கு மூட்டைகூடத் தெரியவில்லை, வாசலில் கூடிய ஜனம்தான் தெரிந்தது. "உள்ள வாங்க, எதா இருந்தாலும் உள்ள பேசலாம்."

"உள்ள பேசிப் பேசித்தான் ரெண்டு பேரைத் தூக்கியாச்சு அண்ணி. இனிமே இந்த வூட்டு அடுப்புல அண்ணனுக்கு வெல்லம் கூடாது, மில்லு அரிசி கூடாது. கம்பும் வரகும் சோளமும். அதுவும் அளவோட."

"சோத்து மேல பழி போடாதீங்க" என்றார் அண்ணி. அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "நானும் அதே பானைச் சோத்தைத்தான் திங்கறேன். எனக்கு என்ன ஆச்சு? எங்காலு அழுவுச்சா?"

"அதானே!" என்றார் அண்ணனும். "சோறா இருந்தா அவளுக்கும் வந்திருக்கணும். இது எங்க ரத்தம். ரத்தத்துக்குக் கம்பு என்ன செய்யும்?"

வழியெல்லாம் நான் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சில் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. வேறொன்று வந்தது.

"எனக்கும் அதே ரத்தந்தானண்ணே. எனக்கும் வந்துச்சு."

பின்னால் காளைக் கழுத்து மணி ஒன்று அசைந்தது. என் வீட்டுக்காரர் நுகத்தடியில் கை வைத்தபடி நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் நின்றுபோயிருப்பேன்.

"அப்பாவைப் பாத்துக்க வந்தேன்ல, அப்ப எனக்கும் எறும்பு மொச்சுது. இதே கொல்லையில. கூழுக்குத் திரும்புனேன், நின்னு போச்சு. தீபாவளிச் சோறு தின்னேன், வந்துச்சு. நாலு வருஷமாப் பாக்கறேன். அண்ணி நெல்லு, எவ்வளவு தண்ணி நின்னாலும் சிரிக்கும். நானும் நீயும் கம்பு. கம்பாப் பொறந்தது குத்தமில்லண்ணே. கம்புன்னு தெரிஞ்சும் தண்ணியில நிக்கறதுதான் குத்தம். நெலத்தைப் பிரிச்சு எழுதறேன்னியே, எழுது. ஆனா உங்காலுல நின்னு எழுது."

அண்ணிதான் மெல்லக் கேட்டார். "அப்ப மாமாவுக்கு நான் ஊட்டுனது..." முடிக்கவில்லை. அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை.

"நானுந்தான் ஊட்டுனேன் அண்ணி. தெரியாமதான் ஊட்டுனோம். இப்பத் தெரிஞ்சு போச்சு."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அசைந்தார். காளைகளை அவிழ்த்துக் கட்டினார். துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக் கம்பு மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படி ஏறினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுக்க மாட்டார். எடுத்தால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு.

"ஐயோ மாப்ள, நீங்க தூக்கறதா!" என்று அண்ணன் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் இடது காலை ஊன்றிவிட்டார். வலியில் பல்லைக் கடித்தது தெருவுக்கே கேட்டது.

"நான் கம்பு திங்கறவன் மச்சான், தூக்குவேன்" என்றார் இவர். "நீங்களும் தின்னுட்டு அடுத்த தைக்கு எங்க வூட்டுக்கு ஒரு மூட்டை தூக்கிட்டு வாங்க. அப்ப ஊரு சிரிக்கட்டும்."

அண்ணன் வாசல் நிலையைப் பிடித்து நிமிர்ந்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "முறத்தை எடு" என்றார்.

அன்று ராத்திரியே கூழ் காய்ச்சினேன். அண்ணன் சொம்பை வாயில் வைத்தார். கிணற்றடி ஆள் ஒருவன் இன்னும் போகாமல் வேலியோரம் நின்றுகொண்டு, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா அண்ணே?" என்றான்.

அண்ணன் மீசையைத் துடைக்கவே இல்லை. கூழ் வழிய வழிய நிமிர்ந்து பார்த்தார். "மீசைக்கு மட்டும் ஆசைப்பட்டு எங்கப்பா காலை வுட்டாருடா. எனக்கு ரெண்டும் வேணும்."

திரும்பி வரும்போது வண்டியில் பாதி வழிக்கு மேல் இவர் கேட்டார். "நாலு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயம். அனுப்பிடுவீங்கன்னு."

"அனுப்பிட்டா யாரு கூழ் காய்ச்சறது?" என்று காளையை அதட்டினார். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

கம்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். கூழ் குடித்தால் அழுகின புண் மூடாது. அந்த மாதமே அண்ணனை அரியலூர் டவுனில் ஒரு டாக்டரிடம் அண்ணி பிடிவாதமாக இழுத்துப் போனார். நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டிக் காய்ச்சினார்களாம், செங்கல் நிறமாகிவிட்டதாம், அவ்வளவு சர்க்கரை. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊசியும் போட்டார்கள். "குடும்பத்துல யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது அண்ணி, "உண்டுங்க சார், ஆனா இனிமே வராது, நாங்க மடையை அடைச்சுட்டோம்" என்றாராம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போய் நாக்கை அடக்காமல் வந்த நாட்களில் எறும்பும் கூடவே வந்தது. பிடித்துக்கொண்டு போராட வேண்டிய காரியம்தான் அது, ஒரு நாளில் முடிகிறதல்ல. அண்ணியோ இன்றுவரை வெள்ளைச் சோறுதான் தின்கிறார். திடமாக இருக்கிறார். தின்னட்டும், நெல் நெல்லாகத்தானே இருக்கும்.

ஊர் இன்னும் குலத்து எழுத்து என்றுதான் சொல்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். அந்த எழுத்து எனக்கும் தெரியும், என் ரத்தத்தில்தான் இருக்கிறது. அதை உரக்கப் படித்துக்காட்ட அரிசியும் வெல்லமும் வேண்டும். நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்த தையில் அண்ணனின் சீர் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. வாசலுக்கு இருபதடி முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நாலு விரல் கால்தான். ஆனாலும் ஊன்றி நடந்தார். தோளில் ஒரு மூட்டை. மேட்டில் ஒரு துண்டு நிலத்தில் அவரே விதைத்த கம்பாம். மூட்டையை இறக்கிவிட்டு என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"சிரிங்க மாப்ள" என்றார்.

இவர் சிரித்தார். நான் அண்ணனுக்கென்று தனியாக எதுவும் வடித்திருக்கவில்லை. எங்களுக்குக் காய்ச்சிய கூழையே ஊற்றி வெங்காயத்தை வைத்தேன். இடது காலை நீட்டி உட்கார்ந்து குடித்துவிட்டு, சொம்பை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"அளவோடண்ணே" என்றேன்.